எந்தப் பக்கம் கிழக்கு

அக்கா நேற்றுக் கொண்டுவந்து தந்த பிஸ்கட் ரின்னைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறியது கராம்பு மணம்தான். உம்முடைய வீட்டில் எந்த ரின்னும் ஒரே வேலைக்கு இருந்ததில்லை. உள்ளே உம்முடைய பழைய ஹார்ட் டிஸ்க், அதைச் சுற்றி மடித்த வயர். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டரில் என்னுடைய கையெழுத்தில் "திருப்பாதவை" என்று இருந்தது. பிளாஸ்டர் மஞ்சளாகிவிட்டது. எழுத்து மங்கவில்லை.

உம்முடைய மேசையைத் துப்புரவாக்கும்போது கிடைத்ததாம். இது உங்களுடைய எழுத்துத்தானே என்று உம்முடைய மனைவி கேட்டார். நான் அவரை எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், உமக்குத் தெரியும். அப்படியே இன்னொன்றும் கேட்டார். உம்முடைய முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்குத் தேவாரம், வம்சாவழி, மருமக்களின் கவிதை எல்லாம் வந்துவிட்டன. உம்முடைய ஆராய்ச்சி பற்றிய பக்கம் மட்டும்தான் பாக்கி. பல்கலைக்கழகத்துக்காரர் எழுதித் தந்தது சனத்துக்கு விளங்காது, நீங்கள் அவரோடு படித்த ஆள், நீங்களே எழுதித் தாருங்கள் என்றார்.

நான் ஓம் என்றேன். அவர் காரில் ஏறிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். உம்மைப் புகழ்ந்து எழுத இந்தச் சிட்னி முழுவதிலும் தேடி என்னைத்தான் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை எழுதுவதற்கு முதல் இதை எழுதிவிடுகிறேன். இது அச்சுக்குப் போகாது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் உம்மை மன்னிக்கவில்லை. செத்துப் போய்விட்டீர் என்பதற்காக மன்னிக்கவும் போவதில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் பௌதிகவியல் படித்தோம். நீர் புலமைப்பரிசில் எடுத்து விமானத்தில் வந்தீர். நான் பல வருடம் கழித்து வள்ளத்தில் வந்தேன். மேய்ஸ் ஹில் கோயிலில், செருப்பு விடுகிற இடத்தில் வைத்து நீர்தான் என்னை முதலில் கண்டீர். "நீர் இஞ்ச எப்ப வந்தனீர்?" என்று சந்தோஷமாகக் கேட்டீர். எப்படி வந்தேன் என்று சொன்னதும் குனிந்து செருப்பைத் தேடினீர். செருப்பு உம்முடைய காலிலேயே இருந்தது.

அப்போது எனக்கு மாதக்கணக்கில் மட்டும் நீளுகிற ஒரு தற்காலிக விசா. வேலை செய்ய அனுமதி இல்லை. ஒரு அறையில் நாலு பெண்கள். நீர்தான் சனிக்கிழமைகளில் உம்முடைய கெல்லிவில் வீட்டுக்கு வரச் சொன்னீர். வானத்துப் படங்கள் குவிந்து கிடக்கின்றன, பார்க்க ஆளில்லை, படித்த படிப்புத் துருப்பிடிக்காமல் இருக்கும் என்றீர். நான் வந்தேன். அந்தச் சனிக்கிழமைகள்தான் இந்த நாட்டில் நான் கண்ட நல்ல நாட்கள். அதைச் சொல்லாமல் விட்டால் என் கோபத்துக்கே மரியாதை இல்லை.

கல்வெட்டுக்கு எப்படியும் எழுதத்தானே வேண்டும், இங்கேயே சொல்லிப் பார்க்கிறேன். ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் சாகும்போது அதன் நடுப்பகுதி இறுகி, ஒரு பட்டினத்தின் அளவில் மிஞ்சுகிறது. அதுதான் பல்சர். தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, துகள்களை எல்லாப் பக்கமும் ஊதித் தள்ளும். வெடிப்பு ஒருபக்கமாக உதைத்துவிட்டால் அது பிறந்த இடத்தை விட்டே ஓடும். ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். நட்சத்திரங்களுக்கு இடையில் உள்ள வெளி வெறுமை இல்லை. மிக மெல்லிய வாயு அதில் பரவிக் கிடக்கிறது. பல்சர் அதற்குள் பாயும்போது, அது ஊதுகிற துகள்களும் எதிரே வருகிற வாயுவும் இடித்து, முன்பக்கத்தில் வில் போல ஒரு வளைவு உண்டாகும்.

வள்ளத்தின் முன்னால் தண்ணீர் பிளப்பது மாதிரி என்று நீர் எனக்கு விளக்கத் தொடங்கினீர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினீர். நான்தான் பரவாயில்லை, சொல்லும் என்றேன்.

அந்த வளைவிலே வாயுவின் ஹைட்ரஜன் அணுக்கள் இடிபட்டுச் சிவப்பாக ஒளிரும். அந்தச் சிவப்பை மட்டும் விடுகிற கண்ணாடி ஒன்றைப் போட்டு ஒரு படம், அதற்குப் பக்கத்து நிறத்தில் இன்னொரு படம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நட்சத்திரங்கள் எல்லாம் அழிந்து வாயு மட்டும் மிஞ்சும். இதுதான் எங்கள் வேலை. முதல் நாளே நான் ஒன்று கேட்டேன்.

"அப்ப இந்த வெளிச்சம் பல்சரின்ர இல்லை. இடிபட்ட வாயுவின்ர."

"ஓம்," என்றீர் சிரித்துக்கொண்டு. "ஆனா பேர் பல்சருக்குத்தான்."

அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு எத்தனை தடவை அந்தச் சிரிப்பை நினைத்து என் வாயிலேயே அடித்திருக்கிறேன்.

அந்த வில்லைக் கண்டது நான். நீர் முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தீர். அக்கா குசினியில் கடலை வடை சுட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ வாரங்களாக வெறும் சாம்பல் நிறப் படங்கள். அன்று கழித்த படத்தில், நீர் அழுக்கு என்று தள்ளிவிட்ட இடத்தில், நகம் வெட்டி விழுந்த துண்டு போல மெல்லிய ஒரு வளைவு. பல்சர் இருக்க வேண்டிய இடத்துக்குச் சரியாக முன்னால். நான் விரலால் திரையைத் தொட்டேன். வடை எண்ணெய் திரையில் பட்டது. அந்த எண்ணெயை நீர் துடைக்கவிடவில்லை. ஓடிவந்து பார்த்துவிட்டு, வெட்டின புல் ஒட்டிய கையாலேயே என் தோளைப் பிடித்துக் குலுக்கினீர். உமக்குக் கண் கலங்கியிருந்தது. அதுவும் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

கட்டுரை எழுதத் தொடங்கிய பிறகுதான் பெயர் பற்றிய கதை வந்தது.

"உம்மட பேரைப் போட்டா நீர் வேலை செய்தனீர் எண்டு இமிகிரேஷன் எடுக்கும். கேஸ் முடியட்டும். அடுத்த பேப்பரில போடுவம்."

நான் அதை நம்பினேன். உமக்கு நன்றிகூடச் சொன்னேன். வெளியாள் யாராவது கேட்டால் என்ன விசரி என்று சிரிப்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அந்த அறையில் இருந்த நாங்கள் கோயில் அன்னதானத்துக்குக் கத்தரிக்காய் வெட்டித் தருவோம், தொண்டர் பட்டியலில் மட்டும் பெயர் எழுதமாட்டோம். வாசிகசாலை அட்டை எடுக்கப் பயந்தவள் ஒருத்தி இருந்தாள். பெயர் எங்கே எழுதப்பட்டாலும் அது ஒருநாள் எழுந்து எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று நம்பியவர்கள் நாங்கள். உமக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் கையை வைத்தீர்.

சில மாதம் கழித்து என் வழக்கைப் பார்த்த லோயர் பெண்ணிடம் ஏதோ பேச்சில் இதைச் சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் வருவதால் உனக்கு என்ன கெடுதி, நன்மைதான், யார் உனக்கு இப்படிச் சொன்னது என்று கேட்டார். யாரென்று நான் சொல்லவில்லை. பரமட்டாவில் இருந்த அவருடைய அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

அடுத்து வந்த சனிக்கிழமை உம்மிடம் கேட்டேன். கட்டுரை அப்போது இன்னும் அனுப்பப்படவில்லை. கடைசிப் படம் ஒன்றுதான் பாக்கியிருந்தது, அதை நான்தான் செய்து தர வேண்டும். நீர் கொம்பியூட்டரிலிருந்து தலை நிமிரவேயில்லை.

"லோயர்மாருக்கு இதெல்லாம் விளங்காது. அதோட, உமக்கு இப்ப பேர் எதுக்கு? நீர் இந்தத் துறையில இல்லைத்தானே."

கோபத்தில் சொல்லவில்லை. மழை வரும் போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னீர். அதுதான் என்னைச் சுட்டது.

இனி நான் செய்தது. இதை உம்மிடம் நேரே சொல்லத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

வானத்துப் படத்தில் வடக்கு மேலே இருந்தால் கிழக்கு இடது கைப்பக்கம் வரவேண்டும். நிலத்து வரைபடத்துக்கு எதிர்மாறு, ஏனென்றால் நாம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம். ஆனால் அந்தத் தொலைநோக்கியின் கமெரா தருகிற படம் கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலம் மாறித்தான் வரும். உமக்குத் தருவதற்கு முதல் ஒவ்வொன்றையும் திருப்பி, மூலையில் ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் "கி" என்று எழுதுவேன். உமக்கு அந்தக் "கி" பிடிக்கும். எங்களூர் முத்திரை என்று சொல்வீர். அம்புக்குறி இருந்தால் திருப்பியாகிவிட்டது என்று அர்த்தம்.

கடைசிப் படத்தை நான் திருப்பவில்லை. "கி" போடவுமில்லை. திருப்பாத மூலப் படங்கள் முழுவதும் இருந்த இந்த ஹார்ட் டிஸ்க்கையும் அதோடு சேர்த்து உம்முடைய மேசையில் வைத்துவிட்டு, போட்டு வாறன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை. நீர் ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஒரு அம்புக்குறியைத் தேடியிருந்தால், திருப்பித் தந்திருப்பேன். அல்லது அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கிழமை போன் எடுத்தீர். பல்சர் வடக்கே, கொஞ்சம் கிழக்குச் சாய்வாக ஓடுகிறது என்று ரேடியோ அளவுகள் சொல்கின்றன. படத்தில் வில் மேற்குச் சாய்வாக நிற்கிறது. என்ன இது என்று விளங்கவில்லை என்றீர். நட்சத்திரங்கள் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பீர். அவற்றைத்தான் கழித்து அழித்தாயிற்றே. முதலில் கண்ட படமோ சாய்வை அளக்க முடியாத அளவுக்கு மங்கல். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன்.

"காத்து பக்கத்தால அடிச்சா குடையைச் சரிச்சுப் பிடிக்கிறம் எல்லோ," என்றேன். "அங்க வாயுவே மேற்கால இருந்து ஓடி வருதோ தெரியாது."

போனில் நீர் மூச்சை இழுத்தது கேட்டது. அந்த மூச்சை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவ்வளவு இனிப்பாக இருந்தது.

பிறகு அந்தக் காற்று உம்முடைய பிழைப்பாயிற்று. நட்சத்திரங்களுக்கு இடையில் வாயு ஆறாக ஓடுகிறது, ஒரு பல்சரின் வில் அதைக் காட்டிக்கொடுக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினீர். நன்றி சொல்லும் இடத்தில் "படங்களைப் பார்க்க உதவிய ஒரு நண்பருக்கு" என்று ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வானொலியில் உம்மைப் பேட்டி கண்டார்கள். நான் இடியப்பம் பிழிந்துகொண்டு கேட்டேன். குடையைச் சொன்னீர். என் குடையை, உம்முடைய வீட்டு முற்றத்தில் மழையில் நின்றபோது தோன்றியது என்று சொன்னீர். கை நோகும்வரை உரலை அழுத்திச் சிரித்தேன்.

எனக்கு ஒருவழியாக விசா கிடைத்தது. செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மருந்துப் போத்தல்கள் வரிசையாக வரும். லேபல் தலைகீழாக, சரிவாக ஒட்டியிருந்தால் எடுத்துத் தள்ள வேண்டும். என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று மேற்பார்வையாளர் புகழுவார். போத்தல்களைப் பார்த்துக்கொண்டே என்னுடைய ஒரேயொரு கேள்வியை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பேன். நீர் பேராசிரியரானதும் ஒரு பெரிய சொற்பொழிவு வைப்பார்கள். அந்தப் படத்தைச் சுவரளவில் காட்டுவீர். கடைசியில் கேள்வி உண்டா என்பார்கள். நான் எழும்பி, ஆறுதலாக, அவசரமில்லாமல், "இந்தப் படத்தில் எந்தப் பக்கம் கிழக்கு?" என்று கேட்பேன். அவ்வளவுதான். உமக்கு உடனே விளங்கும். சபைக்கு விளங்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் நீர் என்னைப் பார்த்துக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும்.

அந்த நாளும் குறித்தாயிற்று. அழைப்பிதழ் எனக்கும் வந்தது. மரூன் நிறத்தில் ஒரு சேலை எடுத்தேன், கரை பெரிதாக, பின்வரிசையில் எழும்பினாலும் தெரிகிற மாதிரி. சொற்பொழிவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, காலையில் நடக்கப் போன நீர் தெருவிலேயே விழுந்து போய்விட்டீர். செத்தவீட்டில் வரிசையில் வந்து பூப் போடும்போது, குனிந்து உம்முடைய காதுக்குள் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். பின்னால் நின்றவர்கள் நான் அழுகிறேன் என்று என் முதுகைத் தடவினார்கள். நான் அழுதேன்தான். ஆத்திரத்தில். ஒருத்தியை இரண்டு தடவை ஏமாற்றிய மனிதர் நீர்.

நேற்று ரின்னைத் திறந்ததும் இந்த டிஸ்க்கைக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தேன். உமக்குத் தெரியுமோ, தெரிந்துகொண்டே மறைத்தீரோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். தெரிந்து மறைத்திருந்தால் என் பழி பாதி தீர்ந்துவிடும். ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தேன். கடைசியாகத் திறந்த நாள் எல்லாவற்றிலும் ஒன்றுதான். நான் உம்முடைய மேசையில் வைத்துவிட்டு வந்த நாள். அதற்குப் பிறகு நீர் ஒன்றையாவது திறந்து பார்க்கவில்லை. பதில் முழுவதும் கைக்கெட்டிய இடத்தில் கிடந்தது. அவள் தந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டீர்.

என் பெயரைத் தரமாட்டீர், என் கண்ணை மட்டும் இப்படி நம்புவீர். உம்மை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நேற்று முழுக்க எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இதுவரை எழுதி வைத்துவிட்டு இன்று மத்தியானம் அக்காவிடம் போனேன். பல்கலைக்கழகத்துக்காரர் உம்முடைய நினைவாக அந்த வாயுக் காற்றைப் புதிதாக அளக்கப் போகிறார்களாம். பெரிய தொலைநோக்கியில் நேரம் கிடைத்துவிட்டதாம். அக்கா சந்தோஷமாகச் சொன்னார். முதல் படம் எடுத்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிடும். காற்றும் இல்லை, ஆறும் இல்லை. ஒரு படத்தை எந்தப் பக்கம் பார்ப்பது என்றுகூடத் தெரியாத மனிதர் என்று உம்மைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் ஒரு விரலும் அசைக்கத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு, கல்வெட்டில் ஒரு பக்கம் புகழ்ந்து எழுதிவிட்டு, சும்மா இருந்தால் போதும். நான் கேட்டதைவிடப் பெரிய பழி தன்பாட்டில் நடந்துவிடும்.

அப்போதுதான் விளங்கியது, அந்தச் சிரிப்பிலும் நான் இல்லை. உம்முடைய புகழிலும் நான் இல்லை, உம்முடைய அவமானத்திலும் நான் இல்லை. நான் கண்ட வில்லை உம்முடைய பிழையோடு சேர்த்துக் கூட்டி அள்ளிவிடுவார்கள்.

குசினிக் கதிரையில் இருந்தபடி அக்காவிடம் எல்லாம் சொன்னேன். படம், அம்புக்குறி, குடை. அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இவர் பிழை விட்டவரோ?"

"இல்லை அக்கா. பிழை விட்டது நான். வேணுமெண்டுதான் விட்டனான்."

நான் எதிர்பார்த்தது வசை. வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அவர் எழும்பிப் போய் அடுப்பைத் துடைத்தார். சுத்தமாக இருந்த அடுப்பைத்தான். பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"இவர் உங்களுக்குப் பேர் எதுக்கு எண்டு கேட்டவர். நான் இஞ்ச நிண்டு கேட்டனான். கேட்டுப்போட்டு வடையைத் தட்டில வைச்சுக்கொண்டு வந்தனான்." கொஞ்சம் பொறுத்து, "எழுதிப்போடுங்கோ தங்கச்சி. உங்கட பேரையும் போடுங்கோ," என்றார்.

எழுதிவிட்டேன். உம்முடைய கட்டுரை வந்த இதழுக்கு ஒரு திருத்தக் குறிப்பு. இன்றைக்கு அனுப்புகிறேன். படத்தைத் திருப்பாமல் கொடுத்தவர் ஆசிரியர் அல்ல, படங்களைத் தயாரித்த நான். அதை அறிந்தே செய்தேன். பக்கக்காற்று என்ற விளக்கமும் என்னுடையதே, அது பொய். சரியாகத் திருப்பினால் வில் பல்சர் ஓடும் திசைக்கு நேராகவே நிற்கிறது, எனவே அந்த வாயு அசையாமல் கிடக்கிறது. வில் உண்மை. அதை முதலில் கண்டவளும் நான்தான். இவ்வளவுதான் அந்தக் குறிப்பு.

இதை இரக்கம் என்று நினைத்துவிடாதேயும். உம்முடைய பெயரைக் காப்பாற்றுவது என் நோக்கமில்லை. உம்முடைய காற்றை நானே தந்தேன், நானே திருப்பியும் வாங்குகிறேன். கட்டுரையில் இனி மிஞ்சுவது என் வில் மட்டும்தான். அதற்கு நான் கொடுக்கிற விலை, என் பெயர் முதல் தடவையாக அச்சில் ஏறும்போது குற்றவாளியாக ஏறுகிறது. பெயர் எழுந்து எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று எத்தனை வருடம் பயந்தேன். இப்போது அதை நானே எழுப்பிவிடுகிறேன்.

அக்கா வீட்டிலேயே இருந்து கல்வெட்டுக்கு எழுதின பக்கத்தில் பல்சரையும் வாயுவையும் மட்டும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சிவப்பு இடிபட்ட வாயுவின் வெளிச்சம் என்ற வரியில் முடித்திருக்கிறேன். புகழ்ச்சி ஒரு சொல்லும் இல்லை. அக்கா வாசித்துவிட்டு ஒன்றும் மாற்றச் சொல்லவில்லை.

மரூன் சேலையை முப்பத்தோராம் நாளுக்குக் கட்டலாமா என்று தெரியவில்லை. ஆத்திரம் கொஞ்சமும் குறையவில்லை. அதை நான் சாகும்வரை கொண்டுபோவேன், அந்தச் சனிக்கிழமைகளையும் சேர்த்து. திருத்தக் குறிப்போடு அனுப்பும் படத்தைத் திருப்பி, மூலையில் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் "கி" என்று எழுதியிருக்கிறேன். உம்முடைய எங்களூர் முத்திரைதான். அதன் கீழே, நீர் போடாமல் விட்ட இடத்தில், முழுப் பெயர்.

சிவகௌரி கந்தையா